தின்னர் ஆவிக்கு எந்த மாஸ்க்? கார்ட்ரிட்ஜ் வகைகள் பற்றி ஒரு மதிப்பீடு

கதவுக்கு வார்னிஷ் அடிக்கவும், பழைய பெயின்டை உரிக்கவும், தரையில் காய்ந்துபோன பசையைக் கரைக்கவும் வீட்டுக்குள் தின்னர், டர்பன்டைன் போன்ற கரைப்பான் டப்பாவைத் திறக்கிறோம். அப்போது பலர் மாட்டிக்கொள்வது வெள்ளை என்95 மாஸ்க். முதலில் அதைப் பேசி முடித்துவிடலாம். என்95 தூசியைப் பிடிக்கும், சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள, பிடிக்கக் கடினமான துகள்களில்கூட 95 சதவீதத்தை நிறுத்தும். தின்னர் ஆவி துகள் அல்ல, வாயு. அதன் மூலக்கூறு 0.3 மைக்ரானில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. கொசுவலை போட்டு வாசனையைத் தடுக்க முயல்வதைப் போன்றதுதான் இது. வாசனை கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றினால், சில நிமிடங்களில் மூக்கு பழகிப்போனதுதான் காரணம்.

அடுத்தது சாம்பல் நிறத்தில் வரும் கரித்துணி மாஸ்க். இதில் ஆக்டிவேட்டட் கார்பன் இருப்பது உண்மைதான். ஆனால் தாள் போன்ற ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே. அட்டையை உற்றுப் படித்தால் தொந்தரவான வாசனைக்கு மட்டும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். காற்றில் உள்ள ஆவி ஏற்கெனவே பாதுகாப்பான வரம்புக்குக் கீழே இருந்தால் வாசனைத் தொல்லையைக் குறைக்கலாம், அவ்வளவுதான் அதன் அர்த்தம். கழிவுநீர்க் குழாய் நாற்றத்துக்குப் போதும். தின்னருக்கு இதை நம்பினால் ஆபத்து அதிகமாகும், ஏனென்றால் எச்சரிக்கையாக வரும் வாசனையை மட்டும் மறைத்துவிட்டு மீதி ஆவியை உள்ளே விடுகிறது.

வாங்கத் தகுந்தது மூக்கையும் வாயையும் மூடும் அரைமுக ரெஸ்பிரேட்டர். இரண்டு பக்கமும் திருகி மாட்டும் ஆர்கானிக் வேப்பர் (கரைப்பான் ஆவிக்கான) கார்ட்ரிட்ஜ் கொண்டது. கார்ட்ரிட்ஜுக்குள் தேங்காய்ச் சிரட்டைக் கரி போன்ற ஆக்டிவேட்டட் கார்பன் மணிகள் நெருக்கமாக நிரப்பப்பட்டிருக்கும். ஆவி மூலக்கூறுகள் அந்தக் கரியின் நுண்துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். துளைகள் நிறைந்துவிட்டால் ஆவி மறுபக்கம் வெளியேறத் தொடங்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், கார்ட்ரிட்ஜை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஆளை ஏமாற்றுவது நிறம்தான். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் முறையில் கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜில் கறுப்புப் பட்டை இருக்கும். மஞ்சள் பட்டை என்றால் கரைப்பான் ஆவியோடு அமில வாயுவுக்கும் சேர்த்து. வெறும் வெள்ளைப் பட்டை அமில வாயுவுக்கு மட்டும், பச்சை அமோனியாவுக்கு. கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தில், தட்டையான வட்டமாக வரும் பி100 பில்டர்தான் அதிகம் பேரை மாட்டிவிடுகிறது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், விலையும் சற்று கூடவே இருக்கும். ஆனால் அது தூசிக்கானது, பல தின்னர்களில் உள்ள டொலுயீன் என்ற கரைப்பானைத் தடுக்காது. அட்டையில் சான்று எண்ணைத் தேடுங்கள். டிசி-23சி என்று தொடங்கினால் ரசாயனக் கார்ட்ரிட்ஜ், டிசி-84ஏ என்றால் துகள் பில்டர்.

ஐரோப்பிய முறையில் பழுப்புப் பட்டையும் ஏ என்ற எழுத்தும் இருக்கும். ஏ1, ஏ2, ஏ3 என்பது கரியின் கொள்ளளவு. எண் கூடக்கூடக் கரியும் எடையும் கூடும். வீட்டு வேலைக்கு ஏ2 சரியான இடைநிலை. ஆனால் ஏ வகை, கொதிநிலை 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள கரைப்பான்களுக்கே. டொலுயீன் 111 டிகிரியில் கொதிக்கும், சைலீன் சுமார் 140 டிகிரியில், டர்பன்டைன் 150-க்கும் மேல். இவற்றுக்கு ஏ வகை போதும். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அதற்கு ஏஎக்ஸ் என்று அச்சிட்ட கார்ட்ரிட்ஜ் தேவை, அதையும் ஒருமுறை பயன்படுத்தியபின் தூக்கி எறிய வேண்டும். சீக்கிரம் ஆவியாகும் பொருள் கரியில் பலமாக ஒட்டாது; நாளைக்கு எடுத்து மாட்டும்போது நேற்று பிடித்ததைக் கழற்றி நம் மூக்கிலேயே விட்டுவிடும்.

முகப்பகுதி இரண்டு பொருளில் கிடைக்கிறது: நெகிழ்வான பிளாஸ்டிக் எலாஸ்டோமர், சிலிக்கோன். முன்னது மலிவு, எப்போதாவது ஒருமுறை வேலை செய்பவர்களுக்குப் போதும். சிலிக்கோன் வெப்பத்திலும் வியர்வையிலும் உருமாறாது, கன்னத்தில் மெத்தென்று உட்காரும், பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பொருளைவிட முக்கியம் அளவு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகள் உண்டு. ஒல்லியான முகத்துக்கு நடுத்தரம் மாட்டினால் மூக்குத்தண்டின் இருபுறமும் இடைவெளி விழும். எவ்வளவு நல்ல கார்ட்ரிட்ஜ் இருந்தாலும் காற்று எளிதான வழியைத்தான் தேடும். இடைவெளி வழியாக வருவது கரியைத் தொடாமலேயே நுரையீரலுக்குப் போகும். தாடிக்கும் இதே கதிதான். இரண்டு நாள் வளர்ந்த முள்தாடிகூட ரப்பர் ஓரத்தைத் தூக்கிவிடும். தாடியை எடுக்க மனமில்லாதவர்கள் இந்த வகை மாஸ்க்கை வாங்குவது வீண்.

மாட்டியதும் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். மொத்தம் அரை நிமிடம்கூட ஆகாது. கார்ட்ரிட்ஜ்கள் இரண்டையும் உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுத்து, பத்து விநாடி நிறுத்துங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். பிறகு முன்னால் இருக்கும் வெளிமூச்சு வால்வை உள்ளங்கையால் மூடி மெல்ல ஊதுங்கள். மாஸ்க் லேசாக உப்ப வேண்டும், ஓரங்களில் காற்று கசியக் கூடாது. கசிந்தால் பட்டையை இறுக்கிப் பாருங்கள். ஆனால் இறுக்க இறுக்கச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓர் எல்லைக்கு மேல் ரப்பர் மடங்கிப் புதிய கசிவு உண்டாகும். மேல்பட்டை உச்சந்தலையிலும் கீழ்ப்பட்டை பிடரியிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் பிடரியிலேயே போட்டுக்கொண்டால் தாடைப் பக்கம் தூக்கிக்கொள்ளும்.

உள்ளே மூன்று வால்வுகள் உண்டு. கார்ட்ரிட்ஜ் மாட்டும் இடங்களில் இரண்டு சிறிய ரப்பர் வட்டங்கள், முன்னால் ஒன்று. கழுவும்போது இந்த வட்டங்கள் நழுவித் தண்ணீரோடு போய்விடுவது சகஜம். உள்மூச்சு வால்வு இல்லாமல் மாட்டினால் நாம் விடும் ஈர மூச்சு கார்ட்ரிட்ஜுக்குள் திரும்பிப் போகும், கரி ஈரத்தை உறிஞ்சி ஆயுளை இழக்கும். வெளிமூச்சு வால்வின் அடியில் ஒரு பெயின்ட் துணுக்கு ஒட்டியிருந்தாலும் போதும், ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்று உள்ளே வரும். மாஸ்க்கைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்கக் கூடாது, ரப்பர் வீங்கிவிடும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

இந்த மாஸ்க் எவ்வளவு காக்கும்? சரியாகப் பொருந்திய அரைமுக மாஸ்க்குக்கு விதிகளில் தரப்பட்டிருக்கும் பாதுகாப்பு எண் 10. அதாவது வெளியே உள்ள ஆவியில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரலாம் என்றே கணக்கு. முழுமுக மாஸ்க்குக்கு 50. பத்து என்பது பெரிய எண் போலத் தெரியும். ஓர் அறையில் போட்டுப் பார்ப்போம்.

10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். அதில் 100 மில்லி டொலுயீன் முழுவதும் ஆவியானால் சுமார் 23 லிட்டர் ஆவி உண்டாகும். கதவு ஜன்னல் மூடியிருந்தால் காற்றில் அதன் அளவு 800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 800 பங்கு) வரை போகும். டொலுயீனுக்கு நயோஷ் வைத்திருக்கும் உடனடி உயிராபத்து வரம்பு 500 பிபிஎம். எட்டு மணி நேர வேலைக்கு ஏ.சி.ஜி.ஐ.எச். என்ற அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைப்பது 20 பிபிஎம் மட்டுமே. இந்த அறையில் அரைமுக மாஸ்க் மாட்டினாலும் உள்ளே வருவது 80. பரிந்துரையைப்போல் நான்கு மடங்கு. தவிர, உயிராபத்து வரம்பைத் தாண்டிய காற்றில் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கே அனுமதிக்கப்படுவதில்லை.

இப்போது அதே அறையில் மணிக்கு 280 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடட்டும். அதாவது ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று பத்து முறை மாறுகிறது. அதே 100 மில்லி ஒரு மணி நேரத்தில் சீராக ஆவியானால் காற்றில் நிற்பது சுமார் 80 பிபிஎம். மாஸ்க்குக்குள் 8. விசிறி முதல் பத்து மடங்கைக் குறைக்கிறது, மாஸ்க் இரண்டாவது பத்தை. விசிறி இல்லாமல் மாஸ்க் மட்டும் வாங்குவது பாதிப் பொருளை வாங்குவதுதான். இது அறை முழுவதற்குமான சராசரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரஷ் ஓடும் இடத்தில், திறந்த டப்பாவுக்கு மேலே குனியும்போது, முகத்துக்கு நேரே அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். பயன்படுத்தாத நேரத்தில் டப்பாவை மூடிவைப்பதற்குச் செலவே இல்லை, ஆனால் பலன் பெரிது.

விசிறியை எங்கே வைப்பது என்பதில் தவறு நடக்கிறது. சாதாரண மேசை விசிறியை ஆவி வெளியேறும் ஜன்னலில் வைத்தால் மோட்டாரின் தீப்பொறிக்கு அருகே ஆவியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். டொலுயீனின் தீப்பற்று நிலை (பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச வெப்பநிலை) 4 டிகிரி, அசிட்டோனுடையது மைனஸ் 20 டிகிரி. அறை வெப்பத்தில் இரண்டுமே எப்போதும் பற்றத் தயார். விசிறியை முதுகுப் பக்கம், நல்ல காற்று வரும் வாசலில் வைத்து எதிர் ஜன்னல் வழியே வெளியே தள்ளுவது நல்லது. தூய டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. கொட்டிவிட்டால் தரையோடு ஊர்ந்து பக்கத்து அறை அடுப்பு வரை போகும். மண்டியிட்டுத் தரையைத் தேய்ப்பவரும், தவழும் குழந்தையும், வீட்டு நாயும் இருப்பது அந்த மட்டத்தில்தான். ஏசி இதற்கு உதவாது. பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகள் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகின்றன. ஹெப்பா பில்டர் கொண்ட காற்றுச் சுத்திகரிப்பான் என்95 போலத்தான்: தூசிக்கு மட்டும்.

கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றுவது? வாசனை வரும்போது என்று பலர் சொல்வார்கள். அது கடைசி எச்சரிக்கையாக இருக்கலாம், திட்டமாக இருக்கக் கூடாது. தொழிற்கூடங்களில் வழங்கும் ஒரு தோராய விதி உண்டு: கொதிநிலை 70 டிகிரிக்கு மேல், காற்றில் அளவு 200 பிபிஎம்முக்குக் கீழ் என்றால் ஒரு கார்ட்ரிட்ஜ் எட்டு மணி நேரம் தாங்கும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் கரியில் நீர் இடம் பிடித்துக்கொள்ளும், அந்த எட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய உடனேயே வாசனை வந்தால் கசிவு அல்லது தவறான கார்ட்ரிட்ஜ். நன்றாக ஓடிக்கொண்டிருந்து மூன்றாவது மணி நேரத்தில் வந்தால் கரி நிறைந்துவிட்டது. வாசனையே இல்லாமல் நாக்கில் ஒரு சுவை தட்டினாலும் வெளியே வந்துவிடுங்கள்.

உறையைப் பிரித்த கணம் முதல் கார்ட்ரிட்ஜ் வேலை செய்கிறது, நாம் மாட்டியிருக்கிறோமா என்று அது பார்ப்பதில்லை. ஆணியில் தொங்கவிட்டால் அறைக் காற்றில் உள்ள ஈரத்தையும் ஆவியையும் இழுத்துக்கொண்டே இருக்கும். இதில் மோசமானது, தின்னர் டப்பா இருக்கும் அதே அலமாரியில் வைப்பது. மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது புதிது போலத் தெரியும், கரியோ முக்கால்வாசி நிறைந்திருக்கும். காற்றுப் புகாத ஜிப் பையில், வேறு அறையில் வையுங்கள்.

இனி, இந்த மாஸ்க் தோற்கும் இடங்கள். விற்பவர்கள் சொல்லாத பகுதி இதுதான்.

பெயின்ட் ரிமூவரில் வரும் டைகுளோரோமீத்தேன். மெத்திலீன் குளோரைடு என்பதும் இதுவே. 40 டிகிரியில் கொதிக்கும், கரியைச் சீக்கிரம் கடந்துவிடும். அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வேலைநேர வரம்பு 25 பிபிஎம். அதன் வாசனையோ பெரும்பாலோருக்கு 200 பிபிஎம்முக்கு மேல்தான் தெரியும். மூக்கு சொல்வதற்குள் வரம்பு எட்டு மடங்கு தாண்டியிருக்கும். உடலுக்குள் போனதும் இது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். இதயநோய் உள்ளவருக்கு மாரடைப்பு வர இதுவே போதும். அதிக அளவில் நேரடியாக மூளையை மயக்கிக் கொல்லும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளைப் புதுப்பித்த தொழிலாளர்களில் 13 பேர் இவ்வகை ரிமூவரால் இறந்தது பதிவாகியிருக்கிறது. சிறிய குளியலறை, தொட்டிக்குள் குனிந்த தலை, காற்றைவிட மூன்று மடங்கு கனமான ஆவி. அங்கே 2019-இல் பொதுமக்களுக்கு இந்த ரிமூவரை விற்பது தடை செய்யப்பட்டது. இதற்கு வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் கருவியைத்தான் ஓஷா கேட்கிறது, கார்ட்ரிட்ஜை அல்ல. எனவே டப்பாவில் இந்தப் பெயர் இருந்தால் மாஸ்க்கை மாற்ற வேண்டாம், டப்பாவை மாற்றுங்கள். பென்சைல் ஆல்கஹால் கொண்ட ரிமூவர் மெதுவாக, சில மணி நேரம் எடுத்து வேலை செய்யும். ஆனாலும் வேலை செய்யும். என்எம்பி என்ற பொருளுள்ள மாற்று ரிமூவர்களைத் தவிர்க்கலாம், அது தோல் வழியே உள்ளே போய்க் கருவைப் பாதிக்கக்கூடியது.

அடுத்து மெத்தனால். சில மலிவான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கான) தின்னர்களில் இது கலந்திருக்கும். சாதாரண ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் இதைச் சரியாகப் பிடிக்காது. உடலில் பார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும். உட்பொருள்களின் பட்டியல் அச்சிடாத தின்னரை வீட்டுக்குள் திறக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைப் பாக பாலியூரித்தேன். இதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே உண்டாக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சைத் திணறவைக்கும். வாசனை எச்சரிக்கையும் கிடையாது. இதை ஸ்பிரே செய்வது வீட்டு வேலையே அல்ல. சாதாரண பெயின்டை ஸ்பிரே செய்வதாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் முகப்பில் துகள் பில்டர் ஒன்றும் சேர்த்து மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் துளிகள் கரியை அடைத்துவிடும்.

தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி பூச்சு அடிப்பதற்கு எந்தக் கார்ட்ரிட்ஜும் உதவாது. இவை காற்றை வடிகட்டும், ஆக்சிஜனை உண்டாக்காது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார்.

இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, ஆவி உடலில் செய்வதைச் சொல்ல வேண்டும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், லேசான போதை. பலர் இங்கே ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி உள்ளே போகிறார்கள். ஆனால் இதே நிலையில், ஆவியின் அளவு மிக அதிகமாக இருந்தால், இதயம் அட்ரினலினுக்கு எளிதில் தடுமாறும். திடீர் அதிர்ச்சியோ ஓட்டமோ இதயத் துடிப்பைக் குலைத்துவிடலாம். அதனால் மயக்கம் வந்தவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து அசையாமல் படுக்கவைக்க வேண்டும், ஓடவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நினைவும் கவனமும் மங்கும். டொலுயீன் இரைச்சலோடு சேர்ந்து காதைக் கெடுக்கும். சில பசைகளில் உள்ள ஹெக்ஸேன் கால் கை நரம்புகளை விரல் நுனியிலிருந்து மரத்துப்போகச் செய்யும். அது உடலில் 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற பொருளாக மாறுவதே காரணம். கர்ப்பிணிகள் இந்த வேலை நடக்கும் வீட்டிலேயே இருக்க வேண்டாம். யாராவது டர்பன்டைனையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய் அழற்சி உண்டாகும். நேரே மருத்துவமனைக்கு.

வாசனையற்றது என்று விற்கும் மினரல் ஸ்பிரிட் பற்றி ஒரு வார்த்தை. அதில் டொலுயீன், சைலீன் போன்ற அரோமேட்டிக் சேர்மங்களை நீக்கியிருப்பார்கள், அது நல்ல விஷயமே. ஆனால் ஆவியாவது நிற்கவில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவே. விசிறி இதற்கும் வேண்டும்.

ஆக, மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் அடிப்பவருக்கு: எலாஸ்டோமர் அரைமுக மாஸ்க், கறுப்புப் பட்டை அல்லது ஏ2 கார்ட்ரிட்ஜ் ஒரு ஜோடி, காற்றுத்துளை இல்லாத கண்ணாடி, நைட்ரைல் கையுறை. அரைமுகம் கண்ணைக் காக்காது. டொலுயீன் ஆவி கண்ணை எரிக்கும் என்பதை வாங்கும்போது மறந்துவிடுகிறோம். அசிட்டோனுக்கு நைட்ரைல் தாங்காது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். மரவேலையைத் தொழிலாகச் செய்பவருக்குச் சிலிக்கோன் முழுமுகம் போட்ட காசுக்கு நியாயம் செய்யும். நெயில் பாலிஷ் அழிக்கவும் ஒரு நாற்காலிக் காலைத் துடைக்கவும் எதுவும் வாங்க வேண்டாம், திறந்த மொட்டைமாடியோ முற்றமோ போதும். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு மாட்டட்டும். கரி வழியே மூச்சிழுப்பது கொஞ்சம் பாரமான வேலை. பழைய ராணுவ முகமூடிகளைச் சேகரிப்பாளர்களிடமே விட்டுவிடுங்கள், அவற்றில் சிலவற்றின் வடிகட்டியில் கல்நார் இருக்கிறது.

கார்ட்ரிட்ஜில் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டி, பிரித்த தேதியையும் ஓடிய மணிக் கணக்கையும் எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பல மார்க்கர் மைகளில் இருப்பதும் கரைப்பான்தான்.